சீனக் கடலோரக் காவல் படைக் கப்பல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்சீனக் கடல் செய்திகளில் அடிக்கடி தென்படும் வெள்ளை நிறச் சீனக் கப்பல்களைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம். கப்பலில் எத்தனை பீரங்கி இருக்கிறது என்றுதான் பலர் முதலில் கேட்கிறார்கள். அது யாருடைய உத்தரவில் ஓடுகிறது, ஓரிடத்தில் எத்தனை நாள் நிற்கிறது, எவ்வளவு கனம் என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும்.

சீனக் கடலோரக் காவல் படை போலீஸா, ராணுவமா?

செய்கிற வேலை போலீஸ் வேலை. தலைமை ராணுவத் தலைமை. 2018 ஜூலை 1 முதல் இந்தப் படை மக்கள் ஆயுதக் காவல் படையின் ஒரு பிரிவு. அந்தக் காவல் படையோ மத்திய ராணுவ ஆணையத்தின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. உள்துறை அமைச்சகமோ போக்குவரத்து அமைச்சகமோ இதற்கு உத்தரவிடுவதில்லை. சீனக் கடற்படைக்கு எந்த ஆணையம் மேலே இருக்கிறதோ அதுவேதான் இதற்கும் மேலே இருக்கிறது.

இந்தியக் கடலோரக் காவல் படையும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ்தானே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அது 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கடற்படையிலிருந்து தனித்த ஆயுதப் படை. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருப்பது மட்டுமே இங்கே பிரச்சினை இல்லை. சீனப் படைக்குத் தரப்பட்டிருக்கும் சட்ட அதிகாரத்தின் வரம்பு எங்கே முடிகிறது என்பதுதான் தெளிவாக இல்லை. அதைக் கீழே பார்ப்போம்.

2013க்கு முன் இந்தக் கப்பல்கள் யாரிடம் இருந்தன?

ஐந்து துறைகளிடம் சிதறிக் கிடந்தன. கடல் கண்காணிப்புத் துறையின் கப்பல்களுக்கு 'ஹைஜியான்' என்று பெயர். மீன்வளத் துறையுடையவை 'யூஜெங்'. எல்லைக் காவலின் கடல் பிரிவு 'ஹைஜிங்'. சுங்கத் துறையின் கடத்தல் தடுப்புப் படகுகள் தனி. கடல்சார் பாதுகாப்பு நிர்வாகத்தின் 'ஹைஷுன்' தனி. ஒரே கடலில் ஐந்து சீருடைகள். 2013 மார்ச்சில் முதல் நான்கையும் இணைத்து 'சீனக் கடலோரக் காவல் படை' என்ற ஒரே பெயர் கொடுத்தார்கள். ஐந்தாவதான ஹைஷுன் வெளியே நின்றது, இன்றும் வெளியேதான் நிற்கிறது.

பழைய செய்திகளைப் படிக்கும்போது இது உதவும். 2012 ஏப்ரலில், சீனாவும் பிலிப்பைன்ஸும் உரிமை கோரும் ஸ்கார்பரோ திட்டில் பிலிப்பைன்ஸ் கடற்படைக் கப்பலுக்கும் சீன மீன்பிடிப் படகுகளுக்கும் நடுவே வந்து நின்றவை ஹைஜியான் 75, ஹைஜியான் 84. ஒன்றாக இணைக்கப்பட்ட கடலோரக் காவல் படை அப்போது கிடையாது.

அப்படியானால் 'ஹைஷுன்' கப்பல்கள் எவை?

போக்குவரத்து அமைச்சகத்தின் கடல்சார் பாதுகாப்பு நிர்வாகத்துக்குச் சொந்தமானவை. கப்பல் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது, எண்ணெய்க் கசிவைக் கவனிப்பது, தேடுதல், மீட்பு இவைதான் அவற்றின் அன்றாட வேலை. பக்கவாட்டில் 'சைனா எம்எஸ்ஏ' என்று எழுதியிருக்கும். கடலோரக் காவல் படைக் கப்பலில் 'சைனா கோஸ்ட் கார்ட்' என்று பெரிய ஆங்கில எழுத்தும், வெள்ளை உடலில் சாய்வான சிவப்பு, நீலப் பட்டைகளும் இருக்கும்.

2014இல் காணாமல் போன எம்எச்370 விமானத்தைத் தேடும்போது இந்தியப் பெருங்கடலுக்கு வந்த ஹைஷுன் 01 இந்த வகைதான். 37.5 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் துடிப்பு ஒன்று கேட்டதாக அந்த ஏப்ரலில் அறிவித்த கப்பலும் அதுவே. கறுப்புப் பெட்டியின் ஒலிப்பான் அந்த அலைவரிசையில்தான் ஒலிக்கும். விமானம் அங்கே கிடைக்கவில்லை.

வரிசையில் மிகப் பெரியது 2021இல் சேர்ந்த ஹைஷுன் 09. நீளம் 165 மீட்டர், முழுச் சுமையில் 10,000 டன்னுக்கு மேல். மீட்புக் கப்பல்தானே என்று இவற்றை ஒதுக்கிவிடவும் முடியாது. 2023 ஏப்ரலில் ஃபூஜியான் மாகாணத்தின் ஹைஷுன் 06 தைவான் நீரிணையில் 'சிறப்பு ரோந்து' என்று மூன்று நாள் நடவடிக்கைக்கு இறங்கியபோது, போகிற கப்பல்களில் ஏறிச் சோதனை செய்யலாம் என்றும் அறிவிப்பு வந்தது. போக்குவரத்துத் துறையின் கப்பலையும் அரசியலுக்கு அனுப்பலாம் என்பதை அன்று பார்த்தோம்.

பக்கவாட்டில் உள்ள எண்ணை எப்படிப் படிப்பது?

நான்கு இலக்க எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இலக்கம் எந்தப் பிரிவு என்பதைக் காட்டும். 2 என்று தொடங்கினால் கிழக்குச் சீனக் கடல். 3, 4, 5 என்று தொடங்குபவற்றைப் பெரும்பாலும் தென்சீனக் கடலில் பார்க்கலாம். இரண்டாவது இலக்கம் ஏறக்குறைய எத்தனை ஆயிரம் டன் என்பதற்கான குறிப்பு. 3104 என்றால் ஆயிரம் டன் வகுப்பு. 2303 மூவாயிரம். 5402 நான்காயிரம். 5901, 2901 இரண்டிலும் உள்ள 9, பத்தாயிரத்தைத் தாண்டியவை என்பதைச் சொல்கிறது. கடைசி இரண்டும் வரிசை எண்.

ஐந்து இலக்க எண் உள்ளவை பெரும்பாலும் மாகாண அளவிலான அணிகள். தைவான் ஆளும் கின்மென் தீவைச் சுற்றி வரும், 14 என்று தொடங்கும் கப்பல்கள் ஃபூஜியானைச் சேர்ந்தவை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எண்கள் மாறும். இன்றைய 5901 முன்பு 3901. பழைய படத்தையும் புதிய படத்தையும் வைத்து 'இரண்டு ராட்சதக் கப்பல்கள்' என்று எழுதியவர்கள் உண்டு. எண்ணை மட்டும் நம்பாமல் மேல்தளத்தின் அமைப்பு, ரேடார் கம்பத்தின் வடிவம், ஹெலிகாப்டர் கொட்டகையின் கதவு ஆகியவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மொத்தம் எத்தனை கப்பல்கள்?

1,000 டன்னுக்கு மேற்பட்டவை மட்டுமே 150ஐத் தாண்டும் என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் மதிப்பீடு. உலகின் எந்தக் கடலோரக் காவல் படையிடமும் இந்த அளவு கிடையாது.

5901 ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

165 மீட்டர் நீளம், சுமார் 12,000 டன். பிலிப்பைன்ஸ்காரர்கள் இதை 'மான்ஸ்டர்' என்றே அழைக்கிறார்கள். அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் லெஜண்ட் வகுப்புக் கப்பல் 127 மீட்டர், சுமார் 4,500 டன். இந்தியக் கடலோரக் காவல் படையின் சமுத்ரா பிரஹரி 95 மீட்டர். 5901இன் முகப்பில் 76 மி.மீ. பீரங்கி, பின்னால் பெரிய ஹெலிகாப்டர் தளம்.

பீரங்கியைவிட எடைதான் இங்கே பயன்படுகிறது. நெருக்கடியில் எதிரே நிற்கும் பிலிப்பைன்ஸ் கப்பல் பெரும்பாலும் ஜப்பான் கட்டிக் கொடுத்த 44 மீட்டர் பரோலா வகுப்புப் படகு. அவர்களிடம் உள்ள பெரிய கப்பலான பிஆர்பி தெரேசா மக்பனுவா 97 மீட்டர் ('பிஆர்பி' என்பது பிலிப்பைன்ஸ் அரசுக் கப்பல்களின் பெயருக்கு முன்னால் வரும் குறி). மோதல் வந்தால் யார் பின்வாங்குவார்கள் என்பது கப்பல் கட்டும் தளத்திலேயே முடிவாகிவிடுகிறது. பெரிய கப்பலுக்கு இன்னொரு வசதி, கொந்தளிக்கும் கடலிலும் நிலையாக நிற்கும். சிறிய படகு துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டிய பருவத்திலும் அங்கேயே இருக்கும். 2025 ஜனவரியில் 5901 லூசோன் தீவின் சம்பாலெஸ் கரைக்கு வெளியே நாள்கணக்கில் மேலும் கீழும் ஓடியது. ஒரு குண்டுகூடச் சுடவில்லை. பிலிப்பைன்ஸ் அதன் பின்னால் ஒரு கப்பலை மாற்றி மாற்றி அனுப்ப வேண்டியதாயிற்று. எரிபொருளும் ஆட்களும் அங்கே கரைந்தன.

போர்க்கப்பலுக்கு வெள்ளைச் சாயம் அடித்து அனுப்புகிறார்கள் என்பது உண்மையா?

ஒரு வகையில் உண்மை. கடற்படையின் 056 வகைச் சிறு போர்க்கப்பல்களில் தொடக்கக் காலத்தில் கட்டிய 22 கப்பல்கள் கடலோரக் காவல் படைக்கு மாற்றப்பட்டன. சுமார் 90 மீட்டர் நீளம், 1,500 டன். கப்பல் எதிர்ப்பு ஏவுகணைகளை எடுத்துவிட்டார்கள், முகப்பில் உள்ள 76 மி.மீ. பீரங்கியை விட்டுவைத்தார்கள். மேலே சொன்ன 3104 இந்த வகைதான். இது தவிர, 134 மீட்டர் நீளமுள்ள 818 வகை ரோந்துக் கப்பல் 054ஏ போர்க்கப்பலின் உடலமைப்பைத் தழுவிக் கட்டப்பட்டது.

போர்க்கப்பல் உடலுக்கு வேகம் நிறைய உண்டு. ஆனால் உரசலுக்கென்று கட்டப்பட்டது இல்லை; தகடு மெலிது. ரோந்துக்கென்றே கட்டிய கப்பல் மெதுவாக ஓடினாலும் பக்கவாட்டு அடியைத் தாங்கும். இந்த வேறுபாடு 2025 ஆகஸ்ட்டில் எல்லோரும் பார்க்கும்படி வெளியே வந்தது.

அந்த 3104 மோதலில் என்ன நடந்தது?

2025 ஆகஸ்ட் 11. ஸ்கார்பரோ திட்டுக்குக் கிழக்கே சுமார் 10.5 கடல் மைல். பிலிப்பைன்ஸின் 44 மீட்டர் பிஆர்பி சுலுவான், மீனவர்களுக்கு உதவி கொண்டுபோன அணியில் இருந்தது. 3104 அதை மிக வேகமாகத் துரத்தியது. அதே நேரம் சீனக் கடற்படையின் 164 எண் நாசகாரிக் கப்பல் குய்லின் வேறு பக்கத்திலிருந்து குறுக்கே வந்தது. சுலுவான் நழுவிப் போயிற்று. 3104இன் முன்முனை குய்லினின் பக்கவாட்டில் இடித்தது.

பிலிப்பைன்ஸ் தரப்பு எடுத்த காணொலியில் 3104இன் முன்தளம் பீரங்கி வரைக்கும் நசுங்கித் தகடு மடிந்து கிடப்பது தெரிகிறது. மோதலுக்கு முந்தைய நொடிகளில் முகப்பில் ஆட்கள் நின்றதும் தெரிகிறது. மருத்துவ உதவி வேண்டுமா என்று சுலுவான் வானொலியில் கேட்டது, பதில் வரவில்லை.

தவறு எங்கே? இரண்டு கப்பல்கள் ஒரே இலக்கை இரு பக்கமும் மறிக்கப் போகும்போது ஒன்றின் திருப்பத்தை மற்றொன்று முன்கூட்டி அறிய வேண்டும். இங்கே ஒன்று கடற்படை, மற்றொன்று கடலோரக் காவல் படை. ஆயிரம் டன்னுக்கு மேல் எடையுள்ள கப்பல் அதிக வேகத்தில் ஓடும்போது சுக்கானைத் திருப்பினாலும் முதலில் பழைய திசையிலேயே சறுக்கும். என்ஜினைப் பின்னோக்கி ஓட்டினாலும் நிற்கப் பல நூறு மீட்டர் வேண்டும். இலக்கு சிறியதாகவும் சட்டென்று திரும்பக்கூடியதாகவும் இருந்தால், துரத்துபவர்கள் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் போய் விழுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

தண்ணீர் பீரங்கி என்றால் சும்மா தண்ணீர்தானே?

இல்லை. அளவு தெரிய ஓர் ஒப்பீடு: கப்பல்களுக்கான தீயணைப்புத் தரநிலையில் முதல் வகுப்பு என்றால் இரண்டு நீர்த்தாரைக் கருவிகள், ஒவ்வொன்றும் மணிக்கு 1,200 கன மீட்டர். அதாவது ஒரு கருவியிலிருந்து வினாடிக்கு மூன்றில் ஒரு டன் தண்ணீர். 120 மீட்டர் தூரம் போக வேண்டும், 45 மீட்டர் உயரம் எழ வேண்டும். மரப் படகின் கண்ணாடியில் இது அடித்தால் கண்ணாடி சில்லுகளாக உள்ளே வரும். 2024 மார்ச் 5 அன்று இரண்டாம் தாமஸ் திட்டுக்குப் பொருள் கொண்டுபோன உனைசா மே 4 படகில் இதுதான் நடந்தது. அதில் நான்கு பேர் காயமடைந்தார்கள்.

பயன்படுத்தும் முறையைக் கவனித்தால் சில விஷயங்கள் திரும்பத் திரும்ப வரும். காற்று வீசும் பக்கத்தில் நின்று அடிப்பார்கள்; தாரை தூரம் போகும். இலக்கு பெரும்பாலும் மேல்தளத்தில் உள்ள ரேடார், வானொலி ஆன்டெனா, மின்விளக்கு. 2024 ஏப்ரல் 30 அன்று பிஆர்பி பககாயின் கைப்பிடிக் கம்பியும் மேல்விதானமும் வளைந்தன. சிறிய படகுக்கு இன்னொரு ஆபத்து: தண்ணீர் தளத்தில் தேங்கி அங்குமிங்கும் ஆடினால் படகின் சமநிலை குலையும். என்ஜின் அறைக்குள் புகுந்தால் படகு நின்றே போகும்.

தண்ணீருக்கு அடுத்தது ஒளி, ஒலி. 2023 பிப்ரவரி 6 அன்று 5205 கப்பல் பிஆர்பி மலபஸ்குவா மீது பச்சை நிற லேசர் ஒளியைப் பாய்ச்சியதில் மாலுமிகளுக்குச் சிறிது நேரம் கண் தெரியவில்லை என்று பிலிப்பைன்ஸ் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்கார்பரோ திட்டின் வாயில் 300 மீட்டர் நீள மிதவைத் தடுப்புக் கயிறு கட்டப்பட்டது. பிலிப்பைன்ஸ் காவலர் ஒருவர் நீரில் இறங்கி அதை அறுத்தார்.

துப்பாக்கி பயன்படுத்த அனுமதி உண்டா?

உண்டு. 2021 ஜனவரி 22 அன்று நிறைவேறி, பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கடலோரக் காவல் படைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, இறையாண்மையும் அதிகார உரிமையும் கடலில் மீறப்பட்டால் ஆயுதம் உட்பட 'தேவையான எல்லா நடவடிக்கைகளும்' எடுக்கலாம் என்கிறது. கைத்துப்பாக்கி போன்றவற்றுக்கும், கப்பலிலும் விமானத்திலும் பொருத்திய ஆயுதங்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. 21ஆம் பிரிவு வெளிநாட்டுப் போர்க்கப்பல்களையும் அரசுக் கப்பல்களையும்கூட வெளியேற்றலாம், கட்டாயமாக இழுத்துப் போகலாம் என்கிறது.

விமர்சனம் இரண்டு இடத்தில். ஒன்று, 'சீனாவின் அதிகாரத்துக்கு உட்பட்ட கடற்பகுதி' என்ற சொல்லை வரையறுக்காமலே சட்டம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். கோரிக்கை எங்கே போகிறதோ அங்கே அதிகாரமும் போகும் என்று பொருளாகிறது. இரண்டு, ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை போர்க்கப்பலுக்கும் அரசின் வணிகமற்ற பணிக் கப்பலுக்கும் விலக்குரிமை கொடுக்கிறது. கரை நாடு அதைத் தன் பிராந்தியக் கடலை விட்டு வெளியேறச் சொல்லலாம், பிடித்து இழுத்துப் போக முடியாது.

2024 ஜூன் 15 முதல் 3ஆம் எண் ஆணை சேர்ந்தது. எல்லையைச் சட்டவிரோதமாகக் கடந்ததாகச் சந்தேகிக்கப்படும் வெளிநாட்டினரை 30 நாள், சிக்கலான வழக்கில் 60 நாள் வரை காவலில் வைக்கலாம். அமலுக்கு வந்த இரண்டே நாளில், ஜூன் 17 அன்று, இரண்டாம் தாமஸ் திட்டில் சீனப் படகில் வந்தவர்கள் கோடாரி, கத்தியோடு பிலிப்பைன்ஸ் ரப்பர் படகுகளைத் தாக்கினார்கள். ஒரு மாலுமி கட்டைவிரலை இழந்தார். அந்தத் திட்டில் 1999இல் பிலிப்பைன்ஸ் வேண்டுமென்றே தரைதட்டவிட்ட பிஆர்பி சியரா மாட்ரே என்ற பழைய கப்பல்தான் அவர்களின் காவல் நிலை. அந்தக் கப்பலுக்கு அரிசியும் தண்ணீரும் கொண்டுபோவதைச் சுற்றித்தான் இவ்வளவும். அடுத்த மாதம் இரு நாடுகளும் பொருள் கொண்டுசெல்வது பற்றி ஒரு தற்காலிகப் புரிந்துணர்வுக்கு வந்தன.

கடலில் 'யார் வழிவிட வேண்டும்' என்ற விதிகள் இவர்களுக்கு இல்லையா?

உண்டு. மோதல் தவிர்ப்பு விதிகள் எல்லாக் கப்பலுக்கும் பொது. இரண்டு இயந்திரக் கப்பல்கள் குறுக்கே வரும்போது, எதிர்க் கப்பல் யாருடைய வலப்பக்கத்தில் தெரிகிறதோ அவர் வழிவிட வேண்டும். அதையும் சீக்கிரமாகவும் எதிராளிக்குத் தெரியும்படி தாராளமாகவும் செய்ய வேண்டும். முடிந்தவரை எதிர்க் கப்பலின் முகப்புக்கு முன்னால் கடக்கக் கூடாது.

மறிப்பதற்காக வரும் கப்பல் இதை அப்படியே தலைகீழாக்கும். வேண்டுமென்றே முகப்புக்கு முன் வரும், பிறகு வேகத்தைக் குறைக்கும். பின்னால் வருபவர் நிறுத்தத் தவறினால் 'நீதான் இடித்தாய்' என்று அறிக்கை. தென்சீனக் கடல் பற்றிச் சீனாவுக்கு எதிராகப் பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கின் 2016 ஜூலை 12 தீர்ப்பில் நடுவர் மன்றம் இதைப் பற்றியும் தனியாகப் பேசியிருக்கிறது. 2012 ஏப்ரல் 28, மே 26 ஆகிய நாள்களில் ஸ்கார்பரோ அருகே சீன அரசுக் கப்பல்கள் மணிக்கு 20 கடல் மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் 200 கெஜத்துக்குள் நெருங்கியதும் முகப்பைக் குறுக்கிட்டதும் விதிமீறல் என்றது. சீனா கோரும் வரலாற்று உரிமை பற்றிய பகுதியே எங்கும் பேசப்பட, கப்பலோட்டிகளுக்கு மிகவும் பயன்படும் இந்தப் பகுதியை யாரும் எடுத்துப் படிப்பதில்லை.

செங்காகு தீவுகளைச் சுற்றி என்ன செய்கிறார்கள்?

நிற்கிறார்கள். அவ்வளவுதான், ஆனால் அதுவே பெரிய வேலை. 2012 செப்டம்பரில் ஜப்பான் அரசு கிழக்குச் சீனக் கடலில் உள்ள அந்தத் தீவுகளில் மூன்றை விலைக்கு வாங்கியது. சீனர்கள் தியாவ்யூ என்று அழைக்கும் அந்தத் தீவுகளைச் சுற்றி அப்போதிருந்து அரசுக் கப்பல்கள் வருகின்றன. வழக்கமாக நான்கு கப்பல்கள் 24 கடல் மைல் தொடர் வலயத்தில் சுற்றும். எப்போதாவது 12 மைலுக்குள் நுழையும். 2024இல் 355 நாள் அந்த வலயத்தில் சீனக் கப்பல் இருந்தது. 2024 நவம்பரில் தொடங்கி 335 நாள் இடைவெளியே இல்லாமல் நீடித்த ஒரு சாதனையும் அதன் பின் வந்தது.

இப்படி நிற்க முறைவைத்து மாற்றும் ஒழுங்கு வேண்டும். மாற்றுக் கப்பல் வந்து சேர்ந்த பிறகுதான் முந்தையது கிளம்பும். புயல் வந்தால் இடைவெளி விழும். முன்பெல்லாம் அப்படித்தான் தொடர் அறுந்தது. பெரிய கப்பல்கள் பெருகப் பெருக அந்த இடைவெளி சுருங்கியது. 2025 மே 3 அன்று 2303 கப்பலின் தளத்திலிருந்து ஒரு ஹெலிகாப்டர் தீவின் வான்பரப்பில் பறந்தது. ஜப்பான் போர் விமானங்களை எழுப்பியது.

கின்மென் அருகே நடப்பது வேறா?

இடம் மிகக் குறுகியது என்பதால் வேறு. தைவான் ஆளுகையில் உள்ள கின்மென் தீவுக்கும் சீனாவின் ஷியாமென் நகருக்கும் இடையே பத்து கிலோமீட்டர்கூட இல்லை. 2024 பிப்ரவரி 14 அன்று தைவான் ரோந்துப் படகு துரத்தியபோது ஒரு சீன விசைப்படகு கவிழ்ந்து இருவர் இறந்தனர். ஐந்து நாள் கழித்து, ஒரு தைவான் சுற்றுலாப் படகில் சீனக் காவலர்கள் ஏறி 32 நிமிடம் ஆவணங்களைச் சோதித்தார்கள். அதில் 23 பயணிகள். ஜூலையில் ஒரு தைவான் மீன்பிடிப் படகை ஐந்து ஊழியர்களோடு பிடித்துச் சென்றார்கள். அதற்குப் பிறகு மாதந்தோறும் தைவான் தடை செய்த நீர்ப்பரப்பில் 14 வரிசைக் கப்பல்கள் நுழைந்து, ஓரிரு மணி நேரம் ஓடி, வெளியேறுகின்றன.

மீன்பிடிப் படகுகளும் கூட வருகின்றனவே?

அவை கடல்சார் குடிப்படை, அதாவது மீன்பிடிப் படகு வடிவில் அரசின் வேலையைச் செய்பவை. எல்லாச் சீன மீன்பிடிப் படகும் அந்த வகையல்ல. பலர் உண்மையிலேயே மீன் பிடிக்கிறார்கள். வேறுபாட்டைக் காட்டும் அடையாளங்கள்: 50 மீட்டருக்கு மேல் நீளமான எஃகு உடல், நாள்கணக்கில் வலை இறக்காமல் வரிசையாகக் கட்டி நிற்பது, தளத்தில் மீன்பிடிக் கருவியே இல்லாதது. இவற்றுக்குப் பின்னால் கடலோரக் காவல் படை, தொலைவில் தொடுவானத்தில் கடற்படை என்று அடுக்கு அடுக்காக இலக்கைச் சூழ்வதை, 2013இல் சீன ராணுவ அதிகாரி ஒருவர் 'முட்டைக்கோஸ்' என்று வர்ணித்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

வீட்டிலிருந்தே இந்தக் கப்பல்களைப் பின்தொடர முடியுமா?

ஓரளவுக்கு முடியும். கப்பல்கள் தங்கள் இடத்தை அறிவிக்கும் ஏஐஎஸ் ஒலிபரப்பிலிருந்து தொடங்குங்கள். ஓடும் கப்பல் வேகத்தைப் பொறுத்து 2 முதல் 10 வினாடிக்கு ஒருமுறை இடத்தை அறிவிக்கும், நங்கூரமிட்டால் 3 நிமிடத்துக்கு ஒருமுறை. பெயர், அளவு போன்ற விவரங்கள் 6 நிமிடத்துக்கு ஒருமுறை. சீனக் கப்பலின் ஒன்பது இலக்க அடையாள எண் 412, 413, 414 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும்.

பெயரைத் தேடும்போது பலர் தடுமாறுவார்கள். பெயருக்கு 20 எழுத்து இடம்தான் உண்டு. 'சைனா கோஸ்ட் கார்ட் 5901' என்பதை ஆங்கிலத்தில் இடைவெளியோடு எழுதினால் 22 ஆகிவிடும். அதனால் சேர்த்தோ சுருக்கியோ எழுதுகிறார்கள். நான்கு இலக்க எண்ணை மட்டும் போட்டுத் தேடிப் பாருங்கள். நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். மணிலாவுக்கும் பெய்ஜிங்குக்கும் 8 மணி கூட்ட வேண்டும், சென்னைக்கும் கொழும்புக்கும் ஐந்தரை. இதைக் கவனிக்காமல் 'மோதலுக்கு முன்பே கப்பல் போய்விட்டது' என்று வாதிடுபவர்களைப் பார்க்கலாம்.

அரசுக் கப்பல்களுக்கு ஏஐஎஸ் கட்டாயமில்லை. அணைத்துவிட்டால் தடம் மறையும். அப்போது இலவச செயற்கைக்கோள் படம் உதவும். சென்டினல் 2இன் ஒரு புள்ளி 10 மீட்டர். எனவே 165 மீட்டர் கப்பல் பதினாறு, பதினேழு புள்ளி நீளத்தில் தெரியும். 44 மீட்டர் படகு நான்கைந்து புள்ளிதான், அலை நுரையோடு குழம்பும். மேகம் இருந்தால் சென்டினல் 1இன் ரேடார் படத்தைப் பாருங்கள். ஆனால் அது நிறத்தையோ எண்ணையோ காட்டாது.

நாள் கணக்கைப் பார்க்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். 2022இல் ஸ்கார்பரோவில் 344 நாள், இரண்டாம் தாமஸ் திட்டில் 279 நாள் சீனக் காவல் கப்பல் இருந்ததாக வெளியான கணக்கு ஏஐஎஸ் அடிப்படையிலானது. அணைத்துவிட்ட நாள்கள் அதில் சேராது. ஆகவே அதைக் குறைந்தபட்சம் என்று படிக்க வேண்டும்.

அம்பாந்தோட்டைக்கு வந்த சீனக் கப்பல் இந்தப் படையுடையதா?

இல்லை. 2022 ஆகஸ்ட் 16 அன்று அம்பாந்தோட்டைக்கு வந்த 222 மீட்டர் யுவான் வாங் 5, ராக்கெட்டுகளையும் செயற்கைக்கோள்களையும் பின்தொடரும் கப்பல்; ராணுவத்தைச் சேர்ந்தது. 2023 அக்டோபரில் கொழும்புக்கு வந்த ஷி யான் 6 அறிவியல் கழகத்தின் ஆய்வுக் கப்பல். செய்திப் படங்களில் இவற்றையும் கடலோரக் காவல் படைக் கப்பல்களையும் கலந்துவிடுகிறார்கள். சிவப்பு, நீலச் சாய்வுப் பட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தென்சீனக் கடலுக்கு அப்பால் இவை போகின்றனவா?

போகின்றன. வட பசிபிக்கில் மீன்பிடிக் கண்காணிப்பு ரோந்துக்குப் போவது வழக்கம். 2024 அக்டோபர் 1 அன்று ரஷ்ய எல்லைக் காவல் கப்பல்களோடு சேர்ந்து முதன்முறையாக ஆர்க்டிக் கடலுக்குள் போனதாக அறிவித்தார்கள். அதே மாதம் தெற்கே இந்தோனேசியாவின் நத்துனா அருகே 5402 வந்து, எண்ணெய் ஆய்வுப் பணிக்கு இடையூறு செய்ததாகக் கூறி இந்தோனேசியக் கப்பல்கள் அதை வெளியேற்றின. சில நாளில் அது திரும்பி வந்தது, மீண்டும் வெளியேற்றினார்கள்.

மற்ற நாடுகளால் என்ன செய்ய முடிகிறது?

பிலிப்பைன்ஸ் 2023 முதல் எல்லாவற்றையும் படம் பிடித்து உடனே வெளியிடுகிறது. பத்திரிகையாளர்களைக் கப்பலிலேயே ஏற்றிக்கொண்டு போகிறது. 3104 மோதல் உலகுக்குத் தெரிந்ததே அதனால்தான். ஆனால் படம் எடுப்பதால் கடலில் இடம் கிடைத்துவிடாது. 2024 ஏப்ரலில் இருந்து சபீனா திட்டில் நங்கூரமிட்டிருந்த தெரேசா மக்பனுவா, ஆகஸ்ட் 31 அன்று 5205ஆல் இடிக்கப்பட்டது. அதற்குள் குடிநீரும் உணவும் குறைந்து, மாலுமிகள் நோயுற்று, செப்டம்பர் நடுவில் துறைமுகம் திரும்பியது. ஐந்து மாதம் தாக்குப்பிடித்த கப்பலுக்கு மாற்று அனுப்ப அதே அளவில் இன்னொரு கப்பல்தான் கையில் இருந்தது. இப்போது அதே 97 மீட்டர் வகுப்பில் மேலும் ஐந்து கப்பல்களை ஜப்பான் கட்டிக் கொடுக்கவிருக்கிறது.